பூட்டும் சாவியும்: வீட்டுக்கும் வணிகத்துக்கும் ஏற்ற தேர்வு

லாக்கர் எனப்படும் பாதுகாப்புப் பெட்டகத்தை எங்கள் கிளைகளில் வாடகைக்கு வைத்திருப்போர் அனைவரும் அறிந்த நடைமுறை ஒன்று உண்டு. முதலில் கிளை அலுவலர் தம்மிடமுள்ள முதன்மைச் சாவியைப் பெட்டகத்தில் இட்டுத் திருப்புவார். அடுத்து வாடிக்கையாளர் தம் சாவியை இட்டுத் திருப்புவார். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும்.

இந்த நடைமுறையைச் சுற்றிச் சில விதிகள் உள்ளன. பாதுகாப்புப் பெட்டகங்கள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட திருத்திய நெறிமுறைகள் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, ஒருவர் தம் பெட்டகத்தைத் திரும்ப ஒப்படைத்ததும் அதன் பூட்டு மாற்றப்பட வேண்டும். காலியாக உள்ள பெட்டகங்களின் சாவிகள் முத்திரையிட்ட உறைகளில் இருக்க வேண்டும். முதன்மைச் சாவியின் மாற்றுச் சாவியை வங்கியின் வேறொரு கிளையில் ஒப்படைத்து வைக்க வேண்டும். முதன்மைச் சாவிகளின் கூட்டுப் பொறுப்பு முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். அச்சாவிகளின் பொறுப்பில் தொடர்பில்லாத அலுவலர் ஒருவர், காலிப் பெட்டகங்களையும் அவற்றின் சாவிகளையும் முன்னறிவிப்பின்றி அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

மேற்கண்ட ஐந்தும் சாவியைப் பற்றியவை. வீட்டுக்கோ கடைக்கோ பூட்டு வாங்கச் செல்லும் நம்மில் பெரும்பாலோர் பூட்டின் எடையையும் பளபளப்பையும் விலையையும் பார்க்கிறோம். கதவின் நிலையைப் பார்ப்பவர் சிலர். சாவிகள் யார் யாரிடம் இருக்கும் என்று முன்னரே திட்டமிடுபவர் மிகச் சிலர். ஆகவே கதவு, பூட்டு, சாவி என்ற மூன்றையும் இக்கட்டுரையில் அந்த வரிசையிலேயே காண்போம்.

கதவும் நிலையும்

மூடிய கதவை வெளியிலிருந்து உதைப்பவனின் முழு வலுவும் நாதாங்கி பொருத்தப்பட்ட இடத்தில்தான் இறங்குகிறது. எட்டு லீவர் கொண்ட விலையுயர்ந்த பூட்டாக இருந்தாலும், அதன் நாக்கு நுழையும் தகடு அரை அங்குலத் திருகாணிகள் இரண்டால் நிலையில் பிடித்திருக்குமாயின், நிலையின் மரம் பிளந்துவிடும். பூட்டோ உடையாமல் அப்படியே இருக்கும். எனவே அந்தத் தகடு தடித்ததாக இருக்க வேண்டும். அதன் திருகாணிகள் நிலையின் மேற்பரப்போடு நின்றுவிடாமல் ஆழமாக உள்ளே இறங்க வேண்டும். 75 மில்லிமீட்டர் நீளமுள்ளவை இதற்குப் பொருத்தமானவை. நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டைகள் போதிய அளவில் பதிக்கப்பட்டுள்ளனவா என்பதைப் பூச்சு வேலைக்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சு முடிந்தபின் அவை கண்ணுக்குத் தெரியா.

வாசற்கதவு திண்மையானதாக இருப்பது இன்றியமையாதது. அறைகளுக்கு இடையே பொருத்தப்படும் உட்கூடான கதவுகளை வாசலுக்குப் பயன்படுத்தக் கூடாது. கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே பதிக்கும் மார்டிஸ் பூட்டுக்கு இது இன்னும் முக்கியம். மெல்லிய கதவில் பெரிய குழியைக் குடைந்தால் பூட்டு இருக்கும் இடமே கதவின் பலவீனமான இடமாகிவிடும். கடைக்குச் செல்லுமுன் கதவின் கனத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கதவு உட்புறம் திறக்கிறதா வெளிப்புறம் திறக்கிறதா, கீல்கள் இடப்பக்கமா வலப்பக்கமா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சில பூட்டுகள் ஒரு பக்கக் கதவுக்கு மட்டுமே பொருந்தும்.

கீல்களையும் மறத்தலாகாது. கனமான வாசற்கதவுக்கு மூன்று கீல்களேனும் வேண்டும். வெளிப்புறம் திறக்கும் கதவில் கீலின் அச்சு வெளியே தெரியும். அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டியிருக்கும் கதவையே பெயர்த்து எடுத்துவிடலாம். அத்தகைய கதவுகளுக்குக் கழற்ற முடியாத அச்சுடைய கீல்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தப் பூட்டு?

1851இல் லண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்னும் பூட்டுத் தொழிலாளர், திறக்கவே முடியாது என்று அக்காலத்தவர் நம்பியிருந்த இரண்டு பூட்டுகளைச் சாவியின்றித் திறந்து காட்டினார். சப் நிறுவனத்தின் பூட்டு அரைமணி நேரத்துக்குள் திறந்தது. பிராமா நிறுவனத்தின் பூட்டைத் திறக்க அவருக்குப் பதினாறு நாட்களில் பரவிய 51 மணி நேரம் தேவைப்பட்டது. இரண்டுமே திறக்கப்பட்டன என்றாலும், ஐம்பது மணி நேரம் ஒரு கதவின் முன் நிற்கத் துணியும் திருடன் இல்லை. பூட்டு நமக்கு வாங்கித் தருவது நேரத்தைத்தான். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் விழித்துக்கொள்வார்கள், காவலர் வந்துவிடுவார், அல்லது வந்தவன் சலித்துப் போய்விடுவான்.

நம் நாட்டுச் சந்தையில் இன்று கிடைக்கும் பூட்டுகளின் உட்புற அமைப்பு பெரும்பாலும் இரண்டு வகைப்படும். முதலாவது லீவர் பூட்டு. இதனுள் மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்கு உயர்த்தினால் மட்டுமே நாக்கு நகரும். தகடுகளின் எண்ணிக்கை கூடக்கூட, வேறொரு சாவி தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு குறையும். இரண்டாவது சிலிண்டர் பூட்டு. இதனுள் சிறிய ஊசிகள் வில்களின்மீது நிற்கும். அமெரிக்கரான லைனஸ் யேல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார். சிலிண்டர் பூட்டின் பெரிய நன்மை, முழுப் பூட்டையும் கழற்றாமல் சிலிண்டரை மட்டும் மாற்றிவிடலாம் என்பதாகும். சாவி தொலைந்தாலும் குடியிருப்பவர் மாறினாலும் இது சிறிய செலவில் முடியும். சிலிண்டரின் நீளம் கதவின் கனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வெளிப்புறம் அது துருத்திக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து முறிப்பது எளிதாகிவிடும்.

வாசற்கதவுக்கு, உள்ளே பதித்த பூட்டு ஒன்றும் உட்புறத்தில் நல்ல தாழ்ப்பாள் ஒன்றும் இருப்பது சிறந்தது. கதவைச் சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் நைட்லாட்ச் வகை வசதியானது. ஆனால் வீட்டார் வெளியூர் செல்லும்போது அதை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது. சாவியால் முழுமையாகப் பூட்டும் பூட்டும் உடன் வேண்டும். வெளியே ஆல்ட்ராப் பொருத்தித் தொங்குபூட்டு இடுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஆல்ட்ராப்பின் திருகாணிகள் வெளியே தெரிந்தால் திருப்புளி ஒன்றே கதவைத் திறந்துவிடும். எனவே கதவை ஊடுருவி உட்புறம் மரையிட்டு முறுக்கும் போல்ட்டுகளையே இட வேண்டும். தொங்குபூட்டின் வளைகம்பி கடினப்படுத்திய எஃகாலானதாகவும், பூட்டின் தோள்கள் அதைப் பெரும்பாலும் மூடியிருப்பதாகவும் இருந்தால் வெட்டுவது கடினம். வாசலில் தொங்கும் பூட்டு, வீட்டில் எவரும் இல்லை என்பதைத் தெருவுக்கே அறிவித்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பூட்டுத் தொழிலில் நம் நாட்டுக்கு நெடிய மரபு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் அலிகர் நகரம் பூட்டுகளாலேயே பெயர் பெற்றது. ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். கைவினையால் உருவாகும் திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. எந்த ஊர்ப் பூட்டானாலும் தரத்தை அளக்க இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோல்கள் உள்ளன. மார்டிஸ் பூட்டுக்கு ஐ.எஸ். 2209, தொங்குபூட்டுக்கு ஐ.எஸ். 275, டவர் போல்ட்டுக்கு ஐ.எஸ். 204, எஃகுக் கீலுக்கு ஐ.எஸ். 1341, உருட்டு ஷட்டருக்கு ஐ.எஸ். 6248 என்பன அவை. விலைப்பட்டியல் கேட்கும்போது இந்த எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. மலிவான மாற்றுப் பொருளைத் தள்ளிவிடும் எண்ணம் விற்பவருக்கு அப்போதே குறைந்துவிடும்.

கடற்காற்றும் மழைக்காலமும்

மும்பை, கொச்சி, சென்னை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் பூட்டுக்கு முதற்பகை உப்புக்காற்று. அங்கே முலாம் பூசிய இரும்பு விரைவில் துருவேறும். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ ஏற்றது. எஃகில் 316 என்னும் தரம் 304ஐ விட உப்பை நன்கு தாங்கும். மழைக்காலத்தில் மரக்கதவு ஈரத்தால் பருத்து, பூட்டின் நாக்கு தகட்டின் துளைக்கு நேராக நில்லாமல் போகும். சாவியை வலுவாகத் திருப்பி முறித்துக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கும் வண்ணம் பூசினால் ஈரம் ஏறுவது குறையும். பூட்டினுள் சமையல் எண்ணெய் ஊற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் பசையாகிவிடும். கிராஃபைட் தூள் சிறிதளவு போதும்.

கடைகளும் அலுவலகங்களும்

உருட்டு ஷட்டர் உள்ள கடைகளில் இருபுறமும் பூட்டிவிட்டு நடுவைக் கவனிக்காமல் விடுவது பொதுவான பிழை. ஷட்டரின் நடுப்பகுதியே எளிதில் வளையும். அதை நெம்பித் தூக்கினால் ஆள் நுழையும் இடைவெளி கிடைத்துவிடும். தரையில் பதித்த கொண்டியோடு பிணையும் நடுப்பூட்டு கட்டாயம் வேண்டும். தெருவை நோக்கிய முகப்பில் காட்டும் அக்கறையைப் பின்கதவிலும், மாடிக் கதவிலும், கழிவறைச் சாளரத்திலும் காட்ட வேண்டும். யாரும் பார்க்காத வாசலில்தான் திருடனுக்கு நேரம் மிகுதியாகக் கிடைக்கிறது.

எண்ணையோ விரல்ரேகையையோ கொண்டு திறக்கும் மின்னணுப் பூட்டுகள் இப்போது வீடுகளிலும் அலுவலகங்களிலும் பரவலாகி வருகின்றன. பணியாளர் ஒருவர் விலகினால் அவருடைய அனுமதியை உடனே நீக்கிவிடலாம் என்பது இவற்றின் பெருநன்மை. வாங்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்கலம் தீர்ந்துவிட்டால் வெளியிலிருந்து திறக்க என்ன வழி? அவசரச் சாவி உண்டா? தொழிற்சாலையில் இட்ட முதல் எண்ணை மாற்றிவிட்டோமா? கடும் உடலுழைப்பாலும் முதுமையாலும் ரேகை தேய்ந்த விரல்களை அது ஏற்குமா? அலுவலகங்களில் பொருத்தப்படும் மின்காந்தப் பூட்டு மின்சாரம் உள்ளவரைதான் கதவைப் பிடித்து நிறுத்தும். தீ விபத்தின்போது அது விடுபடுவது நன்மையே. இரவில் மின்சாரம் நின்றாலும் அது அவ்வாறே விடுபடும் என்பதால், அலுவலகத்தை மூடும்போது சாவிப் பூட்டு ஒன்றும் உடன் தேவை.

உள்ளிருந்து வெளியேறும் வழி

வெளியாரைத் தடுக்கும் பூட்டு உள்ளிருப்போரைச் சிறைப்படுத்தக் கூடாது. 1997 ஜூன் 13 அன்று தில்லியின் உப்கார் திரையரங்கில் நேர்ந்த தீ விபத்தில் 59 பேர் உயிரிழந்தனர். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தது அந்தப் பேரிழப்புக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வெளியேறும் கதவுகள் உட்புறத்திலிருந்து சாவியின்றித் திறக்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்று கூறுகிறது. கடையிலோ பட்டறையிலோ கிடங்கிலோ ஆட்கள் இருக்கும்போது பின்கதவை வெளியே பூட்டி வைப்பது எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. திருட்டைத் தடுக்க வேண்டுமெனில், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்க்கம்பியையும் கதவு திறந்தால் ஒலிக்கும் மணியையும் பொருத்தலாம்.

வீடுகளுக்கும் இது பொருந்தும். இருபுறமும் சாவியால் மட்டுமே திறக்கும் பூட்டை வாசலுக்கு இடாதீர்கள். உட்புறம் கையால் திருப்பும் குமிழ் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். இரவில் இரும்புக் கம்பிக் கதவைப் பூட்டுவோர், அதன் சாவியை ஒரே இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். அவ்விடம் வெளியிலிருந்து கைக்கு எட்டாததாகவும், குழந்தைகள் உட்பட வீட்டார் அனைவரும் இருளிலும் கண்டெடுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எல்லாச் சாளரங்களுக்கும் நிலையான கம்பிகள் இட்டிருந்தால், ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி அமைப்பது உயிர் காக்கும். முதியோர் உள்ள வீட்டில் குளியலறைக்கு, அவசரத்தில் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் தாழ்ப்பாளை இடுவது நலம். உருண்டைக் குமிழை விட நீண்ட கைப்பிடி அவர்களுக்கு எளிது.

சாவிகளின் கணக்கு

இப்போது மீண்டும் பெட்டக விதிகளுக்கு வருவோம். அவற்றை நம் வீட்டுக்கும் கடைக்கும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம்.

ஒப்படைக்கப்பட்ட பெட்டகத்தின் பூட்டை மாற்ற வேண்டும் என்பது முதல் விதி. வீட்டுக் கடன் பெற்றுப் புதிய அடுக்குமாடி வீட்டின் சாவிகளைப் பெறும் நாளில் நாம் கொள்ளும் மகிழ்ச்சி அளவற்றது. ஆனால் அந்தச் சாவி நம் கைக்கு வருமுன் தச்சர், வண்ணம் பூசுவோர், மின்பணியாளர், மேற்பார்வையாளர் எனப் பலர் கைகளில் இருந்திருக்கும். எத்தனை நகல்கள் எடுக்கப்பட்டன என்பதை ஒருவராலும் கூற இயலாது. குடிபுகுமுன் வாசற்கதவின் சிலிண்டரையோ பூட்டையோ மாற்றிவிடுங்கள். பழைய வீட்டை வாங்கும்போதும், குடியிருந்தவர் காலி செய்து புதியவர் வரும்போதும் இதையே செய்யுங்கள். வாழ்நாள் சேமிப்பு செல்லும் வீட்டுக்கு இது மிகச் சிறிய செலவு.

மாற்றுச் சாவி வேறொரு கிளையில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வாசலில் உள்ள பூந்தொட்டியின் அடியும், மின்மீட்டர் பெட்டியின் மேலும், செருப்பு அலமாரியும் திருடன் முதலில் தேடும் இடங்கள். மாற்றுச் சாவியை வேறு தெருவிலுள்ள உறவினரிடமோ நம்பிக்கைக்குரிய நண்பரிடமோ ஒப்படையுங்கள். சாவிக்கொத்தில் முகவரியோ கதவு எண்ணோ எழுதாதீர்கள். சாவியின்மீது பொறித்திருக்கும் எண்ணைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு, சாவியின் படத்தை எவருக்கும் அனுப்பாதிருங்கள்.

கூட்டுப் பொறுப்பும் பதிவும் வணிகர்களுக்குப் பெரிதும் பயன்படும். ஷட்டரின் இரண்டு பூட்டுகளின் சாவிகளை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்தால் தனியொருவர் கடையைத் திறக்க இயலாது. எந்தச் சாவி, யாரிடம், எந்த நாள் முதல், எப்போது திரும்பியது என்ற நான்கு கட்டங்கள் கொண்ட குறிப்பேடு ஒன்று போதும். சாவியைப் பெறுபவர் அதில் கையொப்பமிட வேண்டும். பணியிலிருந்து விலகுபவர் சாவியைத் திருப்பித் தந்துவிட்டாலும், நகல் எடுத்திருக்கக்கூடும் என்று கருதிப் பூட்டை மாற்றிவிடுவதே முறை. இதனால் எவருடைய நாணயத்தையும் ஐயுறுவதாகப் பொருளில்லை. பின்னாளில் ஏதேனும் நேர்ந்தால் விலகியவர்மீதும் வீண்பழி வராது.

முன்னறிவிப்பற்ற சரிபார்ப்பு என்பது இறுதி விதி. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுச் சாவிகள் அனைத்தையும் மேசைமேல் வைத்து எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் காரணம் தேடிக் காத்திராமல் அந்தப் பூட்டை மாற்றுங்கள்.

காப்பீடு கேட்கும் கேள்வி

சாவியைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கடைக்கோ வீட்டுக்கோ கன்னக்களவுக் காப்பீடு எடுத்திருப்போர் பலர், எவ்வகையில் பொருள் களவு போனாலும் இழப்பீடு கிடைக்கும் என்று எண்ணுகின்றனர். இத்தகைய பாலிசிகள் பலவற்றில், உடைத்தோ வன்முறையாலோ நுழைந்து திருடினால் மட்டுமே இழப்பீடு என்ற வரையறை உள்ளது. அவ்வாறு வரையறுத்த பாலிசியில், பலவந்தமின்றி நிகழ்ந்த திருட்டுக்கு இழப்பீடு கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது.

கிடங்கு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பூட்டு உறுதியானது, கதவும் உறுதியானது. ஓராண்டுக்கு முன் விலகிய ஒருவரிடம் தங்கிவிட்ட நகல் சாவியால் அது இரவில் திறக்கப்பட்டு, சரக்கு எடுக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்படுகிறது. காலையில் பூட்டில் கீறல்கூட இல்லை. காவல் நிலையத்தில் முறையிடலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் காட்ட உடைந்த கதவு இல்லை. வங்கிக் கடனில் வாங்கிய சரக்கு போய்விட்டது. தவணை மட்டும் நிற்கிறது. எனவே உங்கள் பாலிசியில் ‘பலவந்த நுழைவு’ பற்றிய விதியை இன்றே படித்துப் பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கும் கூடுதல் கட்டணத்தில் காப்பு கிடைக்குமா என்று முகவரிடம் கேளுங்கள். பூட்டு வாங்கிய ரசீதுகளையும் சாவிக் குறிப்பேட்டையும் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.

கதவு தாங்க வேண்டிய சுமையைக் குறைப்பதும் நம் கையில் உள்ளது. அன்றாடம் தேவைப்படாத நகைகளையும் பத்திரங்களையும் வீட்டில் வைத்துவிட்டுப் பெரிய பூட்டைத் தேடுவதைவிட, அவற்றை இடம் மாற்றுவது எளிது. பெட்டகத்தில் வைத்தாலும் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியரின் மோசடி போன்றவற்றால் பெட்டகத்துக்கு இழப்பு நேர்ந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு என ரிசர்வ் வங்கி வரையறுத்துள்ளது. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் எனில் பொறுப்பு 3 லட்சம் ரூபாய். உள்ளே இருப்பதன் மதிப்பு அதற்கு மேற்பட்டதாயின் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்வது விவேகம்.

இவ்விதழைக் கீழே வைத்ததும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் வாசற்கதவுக்கு எத்தனை சாவிகள் உள்ளன, அவை இந்த நேரத்தில் யார் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். விடை தெரியாமல் பேனா நின்றுவிட்டால், வரும் ஞாயிற்றுக்கிழமை கதவின் அளவைக் குறித்துக்கொண்டு வன்பொருள் கடைக்குச் சென்று வாருங்கள்.